சர்வருக்கும் ஒரு ‘ஹவர் மீட்டர்’ இருக்கு... கடைசியா எப்போ பார்த்தீங்க?

வாரன்டி கார்டில் இருப்பது தேதிக் கணக்கு. மெஷினுக்குள் ஓடுவது மணிக் கணக்கு. இரண்டுக்கும் இடையில் சிக்கிக்கொள்வது உங்கள் டேட்டா. ஒரு சிம்பிள் விளக்கம்.

பிளவக்கல் அணைப் பக்கம் போயிருக்கிறீர்களா? மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். தண்ணீர் திறந்துவிட்டால் வத்திராயிருப்பு வயல்களில் டிராக்டர் சத்தம் ஓயாது. அந்த டிராக்டரின் டேஷ்போர்டை எட்டிப் பாருங்கள். கார்போல எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டாது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். அதுதான் ஹவர் மீட்டர்.

வாடகைக்கு வரும் ஜேசிபி-யும் இப்படித்தான். வேலை தொடங்கும்போது ஒரு ரீடிங், முடியும்போது ஒரு ரீடிங். கழித்துப் பார்த்தால் வாடகை. ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது எல்லாமே மணிக் கணக்குதான். “250 மணி ஓடிருச்சு, சர்வீஸுக்கு விடணும்” என்று டிரைவரே சொல்லிவிடுவார்.

சரி, அங்கிருந்து ராஜபாளையத்துக்கு வருவோம். இது மில் ஊர். இங்கே ஜெனரேட்டர், கம்ப்ரசர், ஸ்பின்னிங் மெஷின் என எதைக் கேட்டாலும் ஓடிய மணி நேரத்தை லாக் புக்கில் எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் அதே மில்லின் ஆபீஸ் ரூமில், ஏசி-க்குக் கீழே மூலையில் ஒரு பெட்டி ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருக்கும். சம்பளக் கணக்கு, ஜிஎஸ்டி பில், ஸ்டாக், ஆர்டர் எல்லாம் அதற்குள்தான். அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது.

அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு ஹவர் மீட்டர் இருக்கிறது. அதைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் ஏற்கெனவே ஒரு விலை கொடுத்திருக்கிறது.

32,768-வது மணி நேரம்

2019 நவம்பர் மாதக் கடைசி. ஹெச்பிஇ நிறுவனம் (ஹியூலெட் பேக்கார்டு என்டர்பிரைஸ்) தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு வெளியிட்டது. புரோலியன்ட், சினர்ஜி, அப்போலோ போன்ற சர்வர்களில் பயன்படுத்திய குறிப்பிட்ட சில எஸ்ஏஎஸ் வகை எஸ்எஸ்டி-க்கள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும் என்றது அந்த அறிவிப்பு. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். செயலிழந்த பிறகு எஸ்எஸ்டி-யையும் மீட்க முடியாது, அதில் இருந்த டேட்டாவையும் மீட்க முடியாது.

தேய்மானமோ வெப்பமோ காரணம் இல்லை. எஸ்எஸ்டி-க்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளில் இருந்த பிழை. தீர்வு, புது ஃபர்ம்வேரை ஏற்றுவது மட்டும்தான்.

ஏன் அந்தக் குறிப்பிட்ட எண்? கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு 32,768 பழகிய எண். 2-ஐ 15 முறை பெருக்கினால் வருவது. 16 பிட் இடத்தில் கூட்டல், கழித்தல் குறியோடு ஓர் எண்ணைச் சேமித்தால், அதிகபட்சமாக 32,767 வரைதான் போக முடியும். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் எண் தலைகீழாகி மைனஸில் போய் நிற்கும். பழைய ஸ்கூட்டரின் மீட்டர் 99,999-க்கு அப்புறம் 00,000 ஆவதுபோல. ஸ்கூட்டர் அதற்காக நின்றுவிடாது. ஆனால் மென்பொருள், “மைனஸ் மணி நேரமா?” என்று குழம்பி நின்றுவிடலாம்.

இதோடு முடியவில்லை. 2020 மார்ச்சில் ஹெச்பிஇ-யிடம் இருந்து இன்னொரு அறிவிப்பு. வேறு சில எஸ்எஸ்டி மாடல்கள் 40,000 மணி நேரத்தில், அதாவது 4 ஆண்டு, 206 நாள், 16 மணி நேரத்தில் செயலிழக்கும் என்றது அது.

நம்ம ஊர்க் கணக்கு போட்டுப் பார்ப்போமா?

ஓர் உதாரணத்துக்கு மட்டும் ஒரு சிறிய நூற்பாலையைக் கற்பனை செய்துகொள்வோம். முதலில் சொன்ன பிழை உள்ள இரண்டு எஸ்எஸ்டி-க்களோடு ஒரு சர்வர் வாங்குகிறார்கள். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றொன்றிலும் பதிவாகும் ‘ரெய்டு 1’ அமைப்பு. ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும் என்ற தைரியம். 3 ஆண்டு வாரன்டி.

2016 ஏப்ரல் 1, காலை 10 மணிக்கு ஆன் செய்கிறார்கள். ஆஃப் செய்யவே இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

* வாரன்டி முடிவது: 2019 மார்ச் 31
* எச்சரிக்கை வெளியாவது: 2019 நவம்பர் கடைசி
* 32,768-வது மணி நேரம்: 2019 டிசம்பர் 27, மாலை 6 மணி

வாரன்டி முடிந்து ஏறக்குறைய 9 மாதம் கழித்து அந்த நேரம் வருகிறது. எச்சரிக்கை வந்ததற்கும் டிஸ்க் போவதற்கும் இடையே சுமார் ஒரு மாதம்தான். அதற்குள் யாராவது அந்த அறிவிப்பைப் படித்திருக்க வேண்டும், “நம்ம சர்வர் எத்தனை மணி ஓடிருக்கு?” என்று பார்த்திருக்க வேண்டும்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டு எஸ்எஸ்டி-க்களும் ஒரே நாளில் ஆன் ஆனவை. எனவே ஒரே நேரத்தில் 32,768-ஐத் தொடும். ஒன்று போனால் மற்றொன்று காப்பாற்றும் என்ற கணக்கு அங்கேயே உடைந்துபோகிறது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2022 ஜூலையில், தொழில்நுட்ப உலகில் பிரபலமான ஹேக்கர் நியூஸ் தளம் முடங்கியது. முதன்மை சர்வரின் டிஸ்க்குகள் போயின. மாற்றாக வைத்திருந்த சர்வர் சுமையை ஏற்றது. சில மணி நேரத்தில் அதுவும் போனது. இரண்டிலும் ஒரே காலத்தில் வாங்கிய எஸ்எஸ்டி-க்கள். 40,000 மணி நேரப் பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்று அப்போது வலுவாகச் சந்தேகிக்கப்பட்டது.

இந்த மீட்டர் எங்கே இருக்கு?

ஹார்டு டிஸ்க்கோ எஸ்எஸ்டி-யோ, ஒவ்வொன்றும் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்துகொள்ளும். இதற்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். அதில் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். மின்சாரம் கிடைத்து டிஸ்க் ஓடிய மொத்த மணி நேரம் அது. நீங்கள் ஒரு ஃபைலைக்கூடத் திறக்காவிட்டாலும் ஏறிக்கொண்டே இருக்கும்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’, லினக்ஸில் ‘ஸ்மார்ட்மான்டூல்ஸ்’. இரண்டுமே இலவசம். இரண்டு நிமிட வேலை. உங்கள் லேப்டாப்பில்கூட இப்போதே பார்க்கலாம்.

சர்வர்களில் மதர்போர்டிலேயே கண்காணிப்புக்கென்று தனிச் சிப் ஒன்று இருக்கும். டெல் சர்வர்களில் ‘ஐடிராக்’, ஹெச்பிஇ சர்வர்களில் ‘ஐலோ’ என்று பெயர். டிஸ்க், ஃபேன், பவர் சப்ளை, வெப்பநிலை எல்லாவற்றின் நிலையையும் பிரவுசரிலேயே பார்க்கலாம்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ‘அப்டைம்’ வேறு, ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ வேறு. அப்டைம் என்பது கடைசியாக ரீஸ்டார்ட் செய்ததில் இருந்து ஓடிய நேரம். ரீஸ்டார்ட் செய்தால் பூஜ்ஜியம் ஆகிவிடும். பவர் ஆன் ஹவர்ஸ் என்பது டிஸ்க் பிறந்ததில் இருந்து மொத்தக் கணக்கு. ரீஸ்டார்ட் செய்தாலும் அழியாது.

இன்னொரு நுணுக்கம். பல பழைய டிராக்டர்களில் ஹவர் மீட்டர் என்ஜின் வேகத்தோடு இணைந்தது. வண்டி ஐடிலில் நின்றால் மீட்டர் மெதுவாகத்தான் ஏறும். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி-க்களிலும் கிட்டத்தட்ட இப்படித்தான். மின்சிக்கனத்துக்காக உறங்கும் நேரத்தைச் சில மாடல்கள் கணக்கில் சேர்க்காது. அதனால் லேப்டாப்பில் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவான மணி நேரம் காட்டினால் பதற வேண்டாம்.

அப்போ வாரன்டி எந்தக் கணக்கில் ஓடுது?

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

டிராக்டருக்கு வாரன்டி தரும்போது, ‘இத்தனை ஆண்டு அல்லது இத்தனை மணி நேரம், எது முதலில் வருகிறதோ அது’ என்பார்கள். சர்வருக்குப் பெரும்பாலும் அப்படி இல்லை. தேதிதான் கணக்கு. பில் போட்ட நாள் அல்லது கம்பெனியில் இருந்து அனுப்பிய நாளில் இருந்து 3 ஆண்டு அல்லது 5 ஆண்டு. வாங்கிய சர்வரைப் பெட்டி பிரிக்காமல் ஆறு மாதம் குடோனில் வைத்திருந்தாலும் வாரன்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஆனால் எஸ்எஸ்டி-க்கு இன்னொரு வரம்பும் உண்டு. எவ்வளவு எழுதலாம் என்ற வரம்பு. உதாரணமாக, 1 டெராபைட் எஸ்எஸ்டி ஒன்றுக்கு ‘5 ஆண்டு அல்லது 600 டெராபைட் எழுதும் வரை’ என்று போட்டிருப்பார்கள். தினமும் சுமார் 329 ஜிபி எழுதினால்தான் 5 ஆண்டில் அந்த வரம்பைத் தொடும். சாதாரண ஆபீஸுக்கு இது தாராளம். ஆனால் நாள் முழுவதும் எழுதிக்கொண்டே இருக்கும் டேட்டாபேஸுக்கு, தேதி முடியும் முன்பே எழுதும் வரம்பு முடிந்துவிடலாம்.

டெஸ்க்டாப்புக்கான டிஸ்க்கை சர்வரில் போட்டு ஓட்டுவதும் நம்ம ஊரில் சகஜம். “ரெண்டும் ஒரே சைஸ்தானே, விலை கம்மி.” சில டெஸ்க்டாப் ஹார்டு டிஸ்க்குகளின் டேட்டா ஷீட்டில் ஆண்டுக்கு 2,400 மணி நேரம் என்று போட்டிருக்கும். அதாவது நாளுக்கு 8 மணி நேரம், 300 நாள். சர்வரோ ஆண்டுக்கு 8,760 மணி நேரம் ஓடுகிறது. மூன்றரை மடங்குக்கும் மேல்!

‘25 லட்சம் மணி நேரம்’னு போட்டிருக்கே?

சர்வர் ஹார்டு டிஸ்க் பெட்டியில் ‘எம்டிபிஎஃப் 25 லட்சம் மணி நேரம்’ என்று பார்த்திருக்கலாம். வகுத்துப் பார்த்தால் 285 ஆண்டு. நம் பேரனுக்குப் பேரன் காலம் வரை ஓடுமா?

ஓடாது. இது ஒரு டிஸ்க்கின் ஆயுள் இல்லை, கூட்டத்தின் சராசரி. ஆண்டின் 8,760 மணி நேரத்தை 25 லட்சத்தால் வகுத்தால் 0.35 சதவீதம். அதாவது 1,000 டிஸ்க் வைத்திருந்தால் ஆண்டுக்கு மூன்று, நான்கு போகும் என்று எதிர்பார்க்கலாம். அதுவும் வாரன்டி காலத்துக்குள், சரியான வெப்பநிலையில் வைத்திருந்தால். அந்த மூன்று, நான்கில் ஒன்று உங்களுடையதா என்பதை இந்த எண் சொல்லாது.

மணி நேரம் மட்டும் போதுமா?

போதாது. இதற்கு விமானத்துறை நல்ல பாடம். ராஜபாளையத்தில் 1936-ல் தொடங்கிய மில்லில் இருந்து வளர்ந்தது ராம்கோ குழுமம். அதன் மென்பொருள் நிறுவனமான ராம்கோ சிஸ்டம்ஸ், விமானப் பராமரிப்புக்கான மென்பொருளையும் தயாரிக்கிறது. அந்தத் துறையில் ஒரு பாகத்துக்கு மூன்று கணக்கு பார்ப்பார்கள். பறந்த மணி நேரம், ஏறி இறங்கிய எண்ணிக்கை, காலண்டர். எது முதலில் வருகிறதோ அப்போது பாகத்தைச் சோதிக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.

சர்வருக்கும் இதே மூன்று கணக்கைப் போடலாம்.

* மணி நேரத்தில் தேய்பவை: ஃபேன் பேரிங், ஹார்டு டிஸ்க் மோட்டார்
* எண்ணிக்கையில் தேய்பவை: எஸ்எஸ்டி-யில் எழுதும் அளவு, ஆன் - ஆஃப் செய்த தடவைகள்
* காலண்டரில் தேய்பவை: யுபிஎஸ் பேட்டரி, மதர்போர்டின் காயின் பேட்டரி

இவை எல்லாவற்றையும் வேகப்படுத்துவது வெப்பம். பவர் சப்ளையில் உள்ள எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களுக்கு, 10 டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. மில் ஊரில் இதோடு பஞ்சுத் தூசும் சேர்ந்துகொள்ளும். ஃபேன் வழியில் பஞ்சு அடைத்தால் காற்று போகாது, சூடு ஏறும். 10,000 மணி நேரம் சுத்தமான ரூமில் ஓடிய சர்வரும், அதே 10,000 மணி நேரம் பஞ்சுக்கு நடுவே ஓடிய சர்வரும் ஒன்றல்ல.

செகண்ட் ஹேண்ட் வாங்குறீங்களா? உஷார்!

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் தொடங்கி ஆன்லைன் வரை, பயன்படுத்திய சர்வர்களுக்கும் டிஸ்க்குகளுக்கும் பெரிய சந்தை இருக்கிறது. பட்ஜெட் குறைவாக உள்ள ஸ்டார்ட்அப்களுக்கு இது வரம்தான். ஆனால் காரின் ஓடோமீட்டரைத் திருப்புவதுபோல இங்கேயும் நடக்கிறது.

2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹெய்ஸ் ஊடகம் ஒரு மோசடியை வெளிக்கொண்டுவந்தது. புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் ஹார்டு டிஸ்க்குகள் உண்மையில் பல ஆயிரம் மணி நேரம் ஓடியவை. ‘ஸ்மார்ட்’ கணக்கைப் பூஜ்ஜியமாக்கி விற்றிருக்கிறார்கள். ‘சியா’ என்ற கிரிப்டோ நாணயத்தை உருவாக்க ராத்திரி பகலாக ஓட்டிய டிஸ்க்குகளாக இருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தது. சீகேட் விசாரணையில் இறங்கியது. அதே ஆண்டு மலேசியாவில் கோலாலம்பூருக்கு அருகே ஒரு கிடங்கில் நடந்த சோதனையில் நூற்றுக்கணக்கான போலி டிஸ்க்குகள் சிக்கின.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சீகேட் டிஸ்க்குகளில் ‘ஸ்மார்ட்’ தவிர ‘ஃபார்ம்’ என்று இன்னொரு பதிவும் உண்டு. மோசடிக்காரர்கள் முதல் மீட்டரைத் திருப்பினார்கள், இரண்டாவதை விட்டுவிட்டார்கள். ஒன்றில் பூஜ்ஜியம், மற்றொன்றில் பல ஆயிரம். குட்டு வெளிப்பட்டது. புது ஸ்மார்ட்மான்டூல்ஸ் பதிப்புகளில் இந்த ‘ஃபார்ம்’ பதிவையும் படிக்கலாம்.

வாங்கும் முன் சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு வாரன்டி பாருங்கள். சர்வரோடு வந்த டிஸ்க் என்றால், டிஸ்க் கம்பெனி அதற்குப் பொறுப்பேற்காது. சர்வர் கம்பெனிதான் பொறுப்பு. ‘புது டிஸ்க், 5 ஆண்டு வாரன்டி இருக்கு’ என்ற வாய் வார்த்தையை நம்பி பணம் கொடுக்காதீர்கள்.

இப்போ என்ன செய்யலாம்?

1. ஒரு ஷீட் போதும். சர்வர் சீரியல் நம்பர், பில் தேதி, வாரன்டி முடியும் தேதி, முதலில் ஆன் செய்த தேதி, ஒவ்வொரு டிஸ்க்கின் மணி நேரம். அவ்வளவுதான்.

2. மூன்று எண்களை மனதில் வையுங்கள். நிறுத்தாமல் ஓடினால் 3 ஆண்டுக்கு 26,280 மணி, 4 ஆண்டுக்கு 35,040, 5 ஆண்டுக்கு 43,800. டிஸ்க் 26,000-ஐ நெருங்கும்போதே மாற்றுவதற்கான பட்ஜெட்டைப் பேசத் தொடங்குங்கள். வாரன்டி முடிந்த மறுநாள் இல்லை.

3. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபர்ம்வேர் அறிவிப்புகளைப் பாருங்கள். 32,768 மணி நேரப் பிழையில் தப்பித்தவர்கள் அறிவிப்பைப் படித்தவர்கள்தான்.

4. ‘ரெய்டு’ போட்டிருந்தால் இரண்டு டிஸ்க்கும் ஒரே வயதில் இருக்க வேண்டாம். ஒன்றைச் சில மாதம் முன்கூட்டியே மாற்றி, மணி நேரத்தில் இடைவெளி உண்டாக்குங்கள்.

5. ஏஎம்சி ஒப்பந்தத்தில் ‘மாதம் ஒருமுறை பவர் ஆன் ஹவர்ஸ் ரீடிங் எழுதித் தர வேண்டும்’ என்று ஒரு வரி சேருங்கள். “வந்து பார்த்தோம், எல்லாம் ஓகே” என்பது ரிப்போர்ட் இல்லை.

6. ‘ரெய்டு’ என்பது பேக்கப் இல்லை. சர்வருக்கு வெளியே, முடிந்தால் வேறு கட்டடத்தில், ஒரு காப்பி இருக்கட்டும். அதைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று ஒருமுறையாவது சோதியுங்கள்.

ரீடிங் எடுக்க நாள் மறந்துபோகுமே என்கிறீர்களா? அதற்கு நம்ம ஊரிலேயே ஒரு அலாரம் இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. ‘காலை 9 மணி முதல்...’ என்று முந்தைய நாளே செய்தி வந்துவிடும். எப்படியும் சர்வரை முறையாக ஷட்டவுன் செய்தாக வேண்டும். அதற்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி மணி நேரத்தைக் குறித்துவிடுங்கள்.

மின்தடை முடிந்து திரும்ப ஆன் செய்யும்போதும் ஒருமுறை கவனியுங்கள். வருடக்கணக்கில் நிற்காமல் ஓடிய பழைய ஹார்டு டிஸ்க் நின்றுவிட்டு மறுபடி சுற்ற மறுப்பதும் உண்டு. அன்றைக்கு உங்களைக் காப்பாற்றப்போவது வாரன்டி கார்டு இல்லை. வாரன்டியில் கிடைப்பது புது டிஸ்க் மட்டும்தான். அதற்குள் இருந்த மூன்று வருடச் சம்பளக் கணக்கு அதோடு திரும்பி வராது.

வத்திராயிருப்பில் டிராக்டர் ஓட்டுபவர் சாவியைத் திருப்பியதும் முதலில் ஹவர் மீட்டரைத்தான் பார்ப்பார். உங்கள் சர்வரின் மீட்டர் இப்போது எவ்வளவு காட்டுகிறது? இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஒருமுறை பார்த்துவிடுங்களேன்.